எலுமிச்சை பிழியாத ஹம்மஸ்

ஜூன் 3

டாக்டர் ரோஸ்லின் இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார். என் மனைவி வேதவல்லி தினமும் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள், எதை விழுங்க முடியவில்லை, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். "சார், நீங்க ஒழுங்கா எழுதுவீங்கன்னு தோணுது" என்றார். எழுத மாட்டேனா? பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்த காலம் முழுக்க தினசரி ரிப்போர்ட் எழுதியவன் நான். அடித்தல் திருத்தல் இருக்காது.

காலை: அரை இட்லி, பாலில் கரைத்து. மதியம்: கஞ்சி, பாதி டம்ளர். ராத்திரி: வேண்டாம் என்றுவிட்டாள்.

உணவுக்குழாயில் கட்டி. இன்றிலிருந்து கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சு சிகிச்சை. அது முடிந்ததும் ஸ்கேன். கட்டி சுருங்கியிருந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு உடம்பு தாங்க வேண்டும். "எடை நாப்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார் டாக்டர். இன்று நாற்பத்தேழு. ஆக, அந்த இரண்டு கிலோவைக் காவல் காப்பதுதான் இனி என் டியூட்டி.

ஜூன் 4

மஸ்கட்டிலிருந்து எங்கள் மகள் மங்கை வீடியோவில் வந்தாள். அம்மாவும் மகளும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே குசுகுசு. எனக்கு எரிச்சல். வீட்டில் இருப்பது நான் ஒருத்தன்தான், எனக்குத் தெரியாமல் என்ன ரகசியம்? அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அப்பா, ஹம்மஸ்னு ஒண்ணு இருக்கு. இங்க இட்லி சட்னி மாதிரி எல்லார் வீட்லயும் தினம் இருக்கும். வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊற வெச்சு, குழைய வேக வெச்சு, எள்ளு விழுது, பூண்டு, எலுமிச்சை, எண்ணெய் போட்டு வெண்ணெய் மாதிரி அரைக்கிறது. அவ்வளவுதான். காரம் கிடையாது. நல்ல சத்து. உங்க சக்கரைக்கும் நல்லது."

"இப்ப என் சக்கரையைப் பத்தி யார் கேட்டா? உங்கம்மாவுக்கு இறங்குமான்னு சொல்லு."

"இறங்கும்ப்பா. ஆனா நீங்கதான் செய்யணும். அம்மாவால அடுப்புகிட்ட நிக்க முடியாது."

"எனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது."

"அது தெரியும். அதுக்குத்தான் சொல்றது" என்றாள் வேதா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பேசினால் களைப்பு வந்துவிடுகிறது.

ஜூன் 6

முதல் முயற்சி. மாடசாமி அண்ணாச்சி கடையில் கடலை வாங்கிவந்து நேராகக் குக்கரில் போட்டேன். ஊற வைப்பதை மறந்துவிட்டேன். எத்தனை விசில் விட்டாலும் கோலிக்குண்டு கோலிக்குண்டாகவே இருந்தது. மிக்ஸியில் போட்டால் கல் உடைக்கிற சத்தம். எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சர் பயந்துபோய் ஓடிவந்துவிட்டார்.

"அய்யோ, என்கிட்ட குடுங்க சார், நான் செஞ்சு எடுத்துட்டு வரேன். எனக்கென்ன, ரெண்டு நிமிஷம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. படுத்திருந்த வேதா கையை ஆட்டினாள். "வேண்டாம் டீச்சர். அவரே செய்யட்டும்."

டீச்சர் போனதும் சத்தம் போட்டேன். உதவி தேடி வந்தால் தள்ளிவிடுவதா, இது என்ன வீம்பு என்று. அவள் ராத்திரி கடலையை ஊறப் போடச் சொல்லி, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடவும் சொன்னாள். அதிகாரத்துக்குக் குறைவில்லை.

ஜூன் 7

வெந்தது. தோலைத் தண்ணீரில் அலசி நீக்கி அரைத்தேன். எள் போடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். எலுமிச்சை பிழிந்தேன். ஒரு வாய்தான் வைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கரண்ட் வைத்த இடத்தில் புளிப்பு பட்டால் நெருப்பாக எரியுமாம். நர்ஸ் போனில் திட்டினாள். எனக்கு எப்படித் தெரியும்?

எலுமிச்சை இல்லாமல் வேறு அரைத்தேன். கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்தி. நாலு ஸ்பூன் இறங்கியது. மிச்சத்தை நான் தோசையில் தடவிச் சாப்பிட்டேன். சுண்ணாம்புச் சுவரை நக்கியதுபோல இருந்தது.

"உங்க தட்டுல பிழிஞ்சுக்க வேண்டியதுதானே?"

"நீ எலுமிச்சை சாப்பிடுற அன்னிக்கு நானும் சாப்பிடறேன்."

"பெரிய சபதம்" என்றாள். லேசாகச் சிரித்தாள். சிரித்தது கணக்கில் வராது, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 9

இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

நேற்று முழுக்க, "ஒரு வாசனையும் இல்லைங்க, மருந்து தின்ன மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு ஒரு யோசனை. தாளிக்காமல் ஒரு பண்டமா? காலையில் எண்ணெய் காயவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை போட்டுத் தாளித்து மேலே கொட்டினேன். காரம் வேண்டாம் என்று மிளகாயை விட்டுவிட்டேன், அவ்வளவு புத்தி இருந்தது. வாசனை வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஆசையாக வாயில் வைத்தாள்.

உளுத்தம்பருப்பு கட்டிக்குமேல் போய் நின்றுகொண்டது. கண் பிதுங்கி, முகம் நீலம் பாரித்து, சத்தமே வரவில்லை. நான் முதுகில் தட்டுகிறேன், கத்துகிறேன். ஜெயசீலி டீச்சர் வீட்டுக் காரில் ஆஸ்பத்திரி. குழாய் விட்டு எடுத்தார்கள். எடுத்து ஒரு கிண்ணத்தில் காட்டினார்கள். பாதி உளுத்தம்பருப்பு.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சட்னின்னு நினைச்சுட்டீங்க போல" என்றார்.

எடை நாற்பத்தாறு.

ஜூன் 10

வேதாவுக்குப் பேச்சு வரவில்லை, தொண்டை புண். சைகையில் கடலை டப்பாவைக் காட்டினாள். நான் முடியாது என்றேன். இனி இந்தச் சனியனைத் தொடமாட்டேன் என்றேன். சிலேட்டில் எழுதுகிறதுபோல என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்: ஊறப் போடு.

போட்டேன்.

ஜூன் 18

கை பழகிவிட்டது. ராத்திரி ஊறல், காலையில் குக்கர், தோல் நீக்கம், மிக்ஸி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சூப்பர்வைசர் வேலை பார்க்கிறாள். "மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க, சூடாயிடும்." "வெந்த தண்ணியைக் கீழ ஊத்தாதீங்க, அதை விட்டுத்தான் தளர்த்தணும்." "மிஞ்சினதை மூடி பிரிட்ஜில வைங்க, ரெண்டு நாளைக்கு வரும்." எல்லாவற்றையும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறாள், பள்ளிக்கூடம் மாதிரி.

காலை நாலு ஸ்பூன், மதியம் ஐந்து, ராத்திரி மூன்று. வேறு எதுவும் இறங்கவில்லை. கஞ்சி திரும்பி வந்துவிடுகிறது. இது மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

எனக்கும் தினம் இதுதான். அவளுக்குத் தனியாக, எனக்குத் தனியாக யார் செய்வது? நேற்று என் சர்க்கரை பார்த்தேன், இறங்கியிருக்கிறது. சொன்னதற்கு அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, தன் எடையைக்கூட அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

ஜூன் 25

நாற்பத்தைந்தரை.

மங்கை போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, எள்ளு போடறீங்களா இல்லையா? எள்ளு இல்லாம அது ஹம்மஸே இல்ல, வெறும் கடலை. கொழுப்பு எல்லாம் எள்ளுலதான் இருக்கு. அது உள்ள போனாத்தான் எடை நிக்கும்."

எள் விஷயத்தை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எங்கள் மகன் இளங்குமரன் போய் மூன்று வருஷம். இருபத்திநாலு வயசு. பைக், லாரி, அவ்வளவுதான், அதற்குமேல் எழுத மாட்டேன். அவனுக்கு எள்ளுருண்டை என்றால் உயிர். அவன் போனதிலிருந்து எங்கள் அடுப்படிக்குள் எள் வருவதில்லை. இட்லிப் பொடியில் எள்ளை நிறுத்தினாள். நல்லெண்ணெயையும் நிறுத்திக் கடலெண்ணெய்க்கு மாறினாள். ஆடி அமாவாசைக்கு முன்னால் நான் கொஞ்சம் கருப்பு எள் வாங்குவேன். அது நேராகக் காவிரிப் படித்துறைக்குத்தான் போகும். மகனுக்கு அப்பன் எள் இறைக்கிற கொடுமையை மூன்று முறை செய்தாயிற்று.

"உங்கம்மா தொடமாட்டாடி."

"தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் சொல்றேன். அம்மா வேணுமா, வேண்டாமா?"

போனை வைத்துவிட்டேன். பெற்ற பெண் இப்படிக் கேட்கலாமா?

ஜூலை 1

நாற்பத்தைந்து. டாக்டர் முகத்தைச் சுளித்தார். கோட்டின்மேல் நிற்கிறோம்.

ஜூலை 3

முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தவன் இன்று தானே டிக்கெட் இல்லாமல் ஏறினேன்.

வேதா தூங்கும்போது அண்ணாச்சி கடைக்குப் போனேன். "எள்ளு நூறு கிராம்" என்றேன். "அமாவாசைக்கா அய்யா? நாளன்னைக்குல்லா வருது" என்றார். ம் என்றேன். அவர் பொட்டலத்தைக் கட்டி, எப்போதும்போல என் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார். எள் கையோடு கை மாறினால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே பழக்கம்தான்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் கருப்பு எள். தலையில் அடித்துக்கொண்டேன். அமாவாசை என்று நினைத்தவர் வேறு எதைக் கொடுப்பார்? வெள்ளை எள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் போய் மாற்றலாம்தான். எதற்கு என்று அண்ணாச்சி கேட்டால் என்ன சொல்வது? ஊரெல்லாம் சொல்லிவிடுவார். எள் எள்தானே என்று வாணலியில் போட்டேன். ஜன்னலைத் திறந்து, ஃபேனையும் போட்டுவிட்டு வறுத்தேன். வறுத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைத்து, ஒரு டம்ளரில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் அந்த நாற்பத்தைந்துக்காக.

ஜூலை 4

காலையில் அரைத்தேன். வெண்ணெய் நிறத்தில் வர வேண்டியது, விபூதியில் தண்ணீர் விட்டுக் குழைத்த நிறத்தில் வந்தது. கிண்ணத்தோடு அவள் முன்னால் நின்றேன்.

"என்ன நிறம் இது?"

"கடலை கொஞ்சம் மட்டமான சரக்கு."

"பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவக்கும்." அப்புறம், "நேத்து வறுத்த வாசனை இங்கவரைக்கும் வந்துச்சு. எனக்குத் தொண்டைதான் போச்சு, மூக்கு இருக்கு" என்றாள்.

நான் காதைத் தடவிக்கொண்டேன்.

"குமரனுக்கு வாங்கினதா?"

"அமாவாசைக்குன்னு நினைச்சு அண்ணாச்சி குடுத்துட்டாரு."

கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். வீசி எறிவாள் என்று நினைத்தேன். எறிந்தால் எறியட்டும், திட்டினால் திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவள் ஸ்பூனை எடுத்தாள். ஒரு வாய். கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினாள். அடுத்த வாய். அதற்கடுத்தது. கண்ணிலிருந்து தாரையாக வழிகிறது, கை நிற்கவில்லை.

"மூணு வருஷமா நீங்க ஆத்துல இறங்கி அவனுக்கு எள்ளும் தண்ணியும் விட்டீங்க. நான் மேல் படியில உக்காந்து உங்க செருப்புக்குக் காவல் இருந்தேன். பெத்தவ நான். ஒரு பிடி போட விட்டாங்களா என்னை?"

எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. பொம்பளைகள் இறங்குவதில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அவனுக்குப் போக வேண்டியது என் வயித்துக்கு வந்தா அவன் கோவிச்சுக்க மாட்டான். எள்ளுருண்டையில பாதியைப் பிச்சு எனக்குத் தராம அவன் தின்னதில்ல."

கிண்ணம் காலி. வழித்துச் சாப்பிட்டாள். மிச்ச எள் எங்கே என்றாள். பொட்டலத்தைக் கொண்டுபோய் வழக்கம்போலப் பக்கத்தில் வைக்கப் போனேன்.

"கையில குடுங்க."

"வேதா, எள்ளு..."

"குடுங்கங்கறேன். அறுந்துபோற உறவா இது?"

கையில் கொடுத்தேன். அடுப்படிக்குப் போய் அழுதேன். சத்தம் வெளியில் கேட்கக் கூடாதென்று மிக்ஸியைப் போட்டேன், அதுவும் காலியாகத்தான் ஓடியது.

ஜூலை 12

கரண்ட் முடிந்தது. நாற்பத்தைந்தரை! ஏறியிருக்கிறது. டாக்டர் ரோஸ்லின் இந்தக் குறிப்பையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாயம் பண்ணீங்க சார்?" என்றார். எள் என்றேன். "நல்லது, விடாதீங்க" என்றார்.

தினம் சாம்பல் நிறக் கிண்ணம். அண்ணாச்சிக்குச் சந்தேகம். "அய்யா, வாரத்துக்கு வாரம் அமாவாசையா வருது?" என்கிறார். வந்தால் வரட்டும்.

ஜூலை 19

நாற்பத்தாறு. இன்று காரட்டை வேகவைத்து மசித்து அதில் கலந்து கொடுத்தேன், என் சொந்த யோசனை. "பரவால்லையே" என்றாள். என் தட்டில் பச்சையாக வெள்ளரிக்காய் நறுக்கி வைத்துக்கொண்டு தொட்டுச் சாப்பிடச் சொன்னாள். "ராத்திரி அஞ்சு இட்லி வெச்சுக்கிற பழக்கத்தை இத்தோட விட்டுருங்க. ரெண்டு சப்பாத்தி, இது, ஒரு காய். போதும் உங்களுக்கு."

"முதல்ல நீ எழுந்து நில்லு, அப்புறம் எனக்கு மெனு போடலாம்" என்றேன்.

"இன்னிக்காவது எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க."

"சபதம் சபதம்தான்."

திங்கட்கிழமை ஸ்கேன்.

ஜூலை 22

ஸ்கேன் எடுத்தார்கள்.

ஜூலை 24

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கல்லீரல் என்றார். படத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டினார். ஆபரேஷன் இப்போதைக்குத் தேவைப்படாது என்றார்.

தேவைப்படாது என்றால் நல்லதுதானே. அவ்வளவு பெரிய ஆபரேஷன், நெஞ்சைப் பிளந்து. அவள் உடம்பு எங்கே தாங்கும்?

எடை நாற்பத்தாறு. குறையவில்லை. அரை கிலோ கூடக் குறையவில்லை! நாங்கள் எங்கள் பக்கத்தில் சொன்னதைச் செய்துவிட்டோம். இதை மூன்று முறை டாக்டரிடம் சொன்னேன். "ஆமா சார், நீங்க நல்லா செஞ்சீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஏசி காற்று போல.

கடலை ஊறப் போட்டேன்.

ஜூலை 25

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாருக்குன்னாங்க."

என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, இன்னிக்கு நான் சொல்லித் தர மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களே முழுசா செஞ்சு காட்டுங்க" என்றாள்.

செய்தேன். ஒரு தப்பு இல்லை. பூண்டைக்கூடத் தணலில் சுட்டுப் போட்டேன். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள். நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. வேதாவை விட்டுப் போக மனமில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம். எள் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். கை மஞ்சளாக இருக்கிறது, கண்ணும் மஞ்சள். திரும்ப என் கையில் போட்டாள்.

"இது என்னோடது. சேர்த்து விட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டு வந்தேன். ஜெயசீலி டீச்சர் காவல் இருந்தார். நான் வந்ததும் ஹம்மஸ் கேட்டாள். ஒரு ஸ்பூன் இறங்கியது.

ஆகஸ்ட் 11

கால் ஸ்பூன். எள் போட்டது, வெந்நீர் கூட விட்டது.

ஆகஸ்ட் 14

நாக்கில் தடவினேன். சப்புக் கொட்டினாள். சாப்பிட்டதாகவே எழுதுகிறேன்.

மங்கைக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறாள்.

ஆகஸ்ட் 17

மங்கை வந்தாள். வந்ததும் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு பேருக்கும் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். மங்கை சாப்பிட்டுவிட்டு, "மஸ்கட்ல கூட இப்படி வராதும்மா" என்றாள். வேதா என்னைப் பார்த்துக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

ஆகஸ்ட் 19

காலை: ஒன்றும் இல்லை.

வேதா போய்விட்டாள்.

செப்டம்பர் 3

கருமாதி. படித்துறையில் நான், புரோகிதர், சொந்தபந்தம் நாலு பேர். மகன் இருந்து செய்ய வேண்டியது, புருஷன் செய்கிறேன். புரோகிதர் தர்ப்பையை மாட்டிவிட்டார். எள்ளை இலையில் கொட்டினார். அதே கருப்பு எள், அண்ணாச்சி கடையில் வாங்கியது. பார்த்ததும் அடுப்படிதான் ஞாபகம் வந்தது. மிக்ஸி மூடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை அவள் விரலால் வழித்து, "வீணாக்காதீங்க" என்பது.

சொல்லச் சொல்ல இறைத்தேன். நடுவில் ஏனோ திரும்பிப் பார்த்தேன். மேல் படியில் மங்கை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எங்கள் எல்லோருடைய செருப்பும். அவளை யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. தானாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அம்மா உட்கார்ந்த மாதிரியே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.

கையிலிருந்த எள்ளை இலையிலேயே திரும்பப் போட்டேன்.

"மங்கை! இறங்கி வா!"

புரோகிதர் பதறினார். "சார், பொம்மனாட்டிகள் எள்ளு இறைக்கிற வழக்கம் இல்லையே."

"இல்லாம இருக்கட்டும். நீங்க மந்திரத்தைச் சொல்லுங்க."

"பெரியவங்க செஞ்சு வெச்ச முறை சார் இது. நான் எப்படி..."

"பெத்தவளை மூணு வருஷம் செருப்புக்குக் காவல் வெச்சேன் சாமி. அவ ஒரு பிடி போடாமலே போயிட்டா. இவளையும் உக்கார வெக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினேன். பக்கத்துப் படிகளில் கருமம் செய்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மங்கை தயங்கித் தயங்கி இறங்கினாள். "செருப்புப்பா..." என்றாள். "போனா போகுது, வா" என்றேன். முழங்கால் தண்ணீரில் என் பக்கத்தில் நின்றாள். இலையிலிருந்து எள்ளை அள்ளி, அவள் கையில், என் கையால் கொடுத்தேன். புரோகிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு மந்திரத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வேதவல்லி என்று பெயர் வந்த இடத்தில் மங்கை விட்டாள். கையில் ஒட்டிக்கொண்டதையும் தண்ணீரில் அலசி விட்டாள்.

மேலே ஏறி வந்தால் என் செருப்பைக் காணோம். வெறுங்காலோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 7

மங்கை நாளை கிளம்புகிறாள். பெட்டி கட்டியபடியே, "கடலை, எள்ளு எல்லாம் டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்ப்பா. தினம் செஞ்சுக்குங்க. விட்டுடாதீங்க" என்றாள்.

"உங்கம்மாவுக்காகச் செஞ்சேன். இனி யாருக்கு?"

அவள் பெட்டியை மூடாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு ரூமுக்குள்ள அம்மா என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? எனக்கு என்ன இறங்கும்னு கேக்கல. 'உங்கப்பாவுக்குச் சமைக்க வராது. நான் போயிட்டா மூணு வேளையும் ஓட்டல்ல தின்னு சக்கரையில விழுந்துருவாரு. அவர் கைக்கு வர்ற மாதிரி, சுலபமா, உடம்புக்கு நல்லதா ஒண்ணு சொல்லுடி. எனக்குன்னு சொன்னாத்தான் கத்துப்பாரு'ன்னாங்க. கரண்ட் வைக்க ஆரம்பிச்ச மறுநாள்ப்பா அது."

நான் ஜூன் 4-ஐப் புரட்டிப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறேன். "அது தெரியும். அதுக்குத்தான் சொல்றது" என்று அவள் சொன்னதையும்கூட. எழுதியவனுக்குத்தான் உறைக்கவில்லை. பாவி, என்னைப் போய் இப்படி ஏமாற்றினாளே. நான் அவளுக்கு ஊட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேனே.

செப்டம்பர் 8

மங்கையை ஏற்றிவிட்டு வந்தேன். வீடு ஹோ என்று கிடக்கிறது.

நேற்று ராத்திரி ஊறப் போட்ட கடலையைக் குக்கரில் வைத்தேன். தோல் நீக்கினேன். எள் வறுத்தேன், ஃபேனைப் போடவில்லை. மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. ரெண்டு சப்பாத்தி, அண்ணாச்சி கடையில் வாங்கியது. ஒரு வெள்ளரிக்காய்.

கிண்ணத்தில் வழித்துப் போட்டு, முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய்ப் பிரிட்ஜில் தேடினேன். மூலையில் ஒன்று கிடந்தது, தோல் காய்ந்துபோய். அறுத்தேன்.

இன்று சாப்பிட்டது: ஹம்மஸ், ஒரு கிண்ணம். எலுமிச்சை பிழிந்து.